‘தி அசாசின்’: பாதியில் எழுந்து போனவர்களும் கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்களும்

வெண்திரை எழுதியது:

இந்தப் படத்துக்குத் தனி விவாத இழை வேண்டும் என்று வெகுநாளாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. மற்ற இழைகளில் போகிற போக்கில் “பார்க்க அழகு, உட்கார முடியவில்லை” என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியில் முடிகிற படம் அல்ல இது.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ‘தி அசாசின்’ தைவான் இயக்குநர் ஹோ சியாவ் சியென் எடுத்தது. 2007க்குப் பிறகு எட்டு ஆண்டுகள் அவரிடமிருந்து முழுநீளப் படம் எதுவும் வரவில்லை. அந்த இடைவெளிக்குப் பின் 2015 மே மாதம் கான் விழாவில் இது திரையிடப்பட்டது; அவருக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. அதே ஆண்டு தைவானின் தங்கக் குதிரை விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்குநர் இரண்டும் இதற்கே. பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பிலும் அந்த ஆண்டின் முதல் படம் இதுதான். ஆனால் வாள்சண்டை பார்க்கலாம் என்று டிக்கெட் வாங்கிய பார்வையாளர்களில் பலர் கோபத்தோடு வெளியே வந்தார்கள். சீன மொழி பேசும் ஊர்களிலும் அதே நிலைதான். ஆகவே இதை மேற்கு, கிழக்கு என்று பிரித்துப் பேசிப் பயனில்லை.

கதை, ஒன்பதாம் நூற்றாண்டில் சீன எழுத்தாளர் பேய் சிங் எழுதிய சிறுகதை ஒன்றிலிருந்து பிறந்தது. சீனாவின் தாங் பேரரசு தளர்ந்து, எல்லை மாகாண ஆளுநர்கள் தலைநகரை மதிக்காமல் ஆண்ட காலம். வெய்போ அப்படி ஒரு மாகாணம். சிறுமியாக இருந்தபோதே வீட்டைவிட்டுக் கொண்டுபோகப்பட்ட யின்னியாங்கை (ஷூ சீ நடித்தது) ஒரு துறவினி கொலைக்கலையில் தேர்ந்தவளாக வளர்க்கிறாள். ஓர் அதிகாரியைக் கொல்லப் போன இடத்தில், அவனோடு அவனுடைய சின்னஞ்சிறு மகன் இருப்பதைக் கண்டு கொல்லாமல் திரும்பிவிடுகிறாள். அந்த இளக்கத்துக்குத் தண்டனையாக வெய்போவின் ஆளுநர் தியான் ஜியானைக் கொல்ல அனுப்பப்படுகிறாள். அவன் அவளுடைய முறைமாப்பிள்ளை. ஒரு காலத்தில் அவளுக்கு நிச்சயிக்கப்பட்டு, அரசியல் காரணங்களுக்காக வேறிடத்தில் மணம் செய்துகொண்டவன்.

என் வாதம் இதுதான். இந்தப் படத்தின் மெதுவான நடை, அழகை ரசிப்பதற்காகப் போட்ட இடைவெளி அல்ல. கொலை செய்ய வந்தவள் எங்கே நிற்பாளோ, அங்கே கேமரா நிற்கிறது. தியான் ஜியான் தன் காதற்கிழத்தி ஹூஜியோடு அந்தப்புரத்தில் பேசிக்கொண்டிருக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். மெல்லிய பட்டுத் திரைச்சீலை காற்றில் அசைந்து கேமராவுக்குக் குறுக்கே வருகிறது. முகங்கள் மங்குகின்றன, விளக்குச் சுடர் பெரிய பொட்டாக விரிகிறது, சீலை விலகுகிறது, முகங்கள் தெளிகின்றன, மறுபடி மங்குகின்றன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் யின்னியாங் அந்தச் சீலைகளுக்கு நடுவே அசையாமல் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது தெரிகிறது. அதுவரை நாம் பார்த்தது அவளுடைய பார்வை. ஒளிந்திருப்பவளுக்குத் துரிதமாக வெட்டிக் காட்டும் கோணங்கள் கிடையாது. அவள் காத்திருக்கிறாள், நாமும் காத்திருக்கிறோம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

பெஞ்சு டிக்கெட் எழுதியது:

காரணத்தோடே எழுதுகிறேன், வெண்திரை அவர்களே. நான் இதைத் திரையரங்கில் பார்த்தவன். முதல் அரைமணி நேரத்திலேயே எனக்கு முன்வரிசை பாதி காலி. எழுந்து போனவர்களை ரசனை இல்லாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். முன்னோட்டத்தில் காட்டியது வாள் மோதும் சத்தம், பாயும் குதிரை, கருப்பு உடையில் ஒரு பெண். படத்தில் இருக்கிற சண்டைகளில் பாதிக்கு மேல் அந்த முன்னோட்டத்திலேயே தீர்ந்துவிட்டன. அவர்களுக்கு விற்கப்பட்டது வேறு பொருள்.

ஆனால் விளம்பரத்தை நான் பெரிதுபடுத்தவில்லை. என் குறை கதையின் தெளிவின்மை. மெதுவாகச் சொல்வது ஒன்று, சொல்லாமல் விடுவது வேறொன்று. துறவினியாக இருக்கும் இளவரசியும், வெய்போவுக்கு மணமுடித்து அனுப்பப்பட்ட இளவரசியும் இரட்டையர். இரண்டு பேராகவும் ஒரே நடிகைதான் வருகிறார். இதை நான் படம் முடிந்து வெளியே வந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன். முகமூடி அணிந்து வந்து சண்டையிடும் பெண் யார் என்பதை ஆளுநரின் மனைவியை உற்றுக் கவனித்தவர்கள் மட்டும் ஊகிக்கலாம். படம் வாய்திறந்து சொல்வதில்லை. யாருக்கு யார் என்ன உறவு என்பதே பிடிபடாதபோது, யார் செத்தால் யார் அழுவார்கள் என்பது எனக்கு எப்படிப் புரியும்?

ஆங் லீயின் ‘கிரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ படமும் அவசரப்படாத படம்தான். தொடங்கி ஏறக்குறைய கால் மணி நேரம் வாளைப் பற்றியும் ஓய்வைப் பற்றியும் அமைதியான பேச்சு. ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் யார் யாரை நேசிக்கிறார்கள், ஏன் சொல்லாமல் இருக்கிறார்கள் என்பது மனதில் பதிந்துவிடுகிறது. பிறகு இரவில் கூரைமேல் துரத்தல் தொடங்கி, இசையமைப்பாளர் தான் டுன்னின் மேளச் சத்தம் எழும்பும்போது நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன். நான்கு ஆஸ்கார் விருதுகள், அமெரிக்காவில் மட்டும் 12 கோடி டாலருக்கு மேல் வசூல். வசன வரிகளைப் படித்துப் பார்க்கவேண்டிய படத்துக்கு இது நடந்தது. பொறுமையான படம் கூட்டத்தை விரட்டும் என்பது விதி அல்ல என்பதற்கு அதுவே சான்று.

ஈப்போ வாசகன் எழுதியது:

மலேசியாவிலிருந்து ஒரு குரல். இங்கே எங்கள் தலைமுறைத் தமிழர்கள் பலர் ஹாங்காங் வாள்வீரர் தொடர்களைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்கள். நான் சீனப் பள்ளியில் படித்தவன் என்பதால் வசன வரிகள் தேவைப்படாது. அந்தத் தைரியத்தோடு ‘தி அசாசின்’ பார்க்கப் போனேன். வசனங்கள் பழைய இலக்கிய நடையில் இருந்தன. என்னோடு வந்த சீன நண்பர்களும் திரையின் அடியில் ஓடிய எழுத்துகளைப் படித்துக்கொண்டேதான் பார்த்தார்கள். பெஞ்சு டிக்கெட் அண்ணன் சொல்லும் சிரமம் மொழி தெரியாதவர்களுக்கு மட்டுமானது அல்ல.

‘கிரவுச்சிங் டைகர்’ பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். அந்தப் படம் உலகமெங்கும் கொண்டாடப்பட்டபோது சீனாவிலும் ஹாங்காங்கிலும் வரவேற்பு அவ்வளவு சூடாக இல்லை. சௌ யுன் ஃபட் பேசிய மாண்டரினில் கான்டனீஸ் வாடை, எங்கள் ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ பேசியதில் மலேசிய வாடை என்று கிண்டல் செய்தார்கள். வாள்வீரர் படங்களைப் பார்த்துப் பழகிய பலர், “இதில் புதிதாக என்ன இருக்கிறது, சண்டை எப்போது வரும்” என்று கேட்டார்கள். பழக்கமில்லாதவர்களுக்கு அதிசயமாக இருந்தது பழகியவர்களுக்குத் தாமதமாகத் தெரிந்தது. ஒரு படத்தின் வேகத்தை நாம் அளப்பது அதற்கு முன் பார்த்த படங்களை வைத்துத்தான்.

கருப்புப் பட்டை எழுதியது:

நான் கராத்தே சொல்லிக்கொடுப்பவன். என் மாணவர்களுக்கு இந்தப் படத்திலிருந்து ஒரு காட்சியைப் போட்டுக் காட்டுகிறேன். பூர்ச்ச மரங்களுக்கு நடுவே யின்னியாங்கும் முகமூடிப் பெண்ணும் மோதும் காட்சி.

வெள்ளைத் தண்டு மரங்கள், உதிர்ந்த இலைகள். இரண்டு பேரும் எதிரெதிரே வருகிறார்கள். கேமரா தூரத்தில் இருக்கிறது. மோதுகிறார்கள், சில வீச்சுகள், அவ்வளவுதான். இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் நடந்து போகிறார்கள். யாரும் வீழ்ந்ததாகத் தெரியவில்லை. பிறகு தரையில் பிளந்து கிடக்கும் முகமூடியைக் காட்டுகிறார்கள். யார் வென்றது, எவ்வளவு நெருக்கத்தில் உயிர் தப்பியது என்பதெல்லாம் அந்தத் துண்டுகளில் இருக்கிறது.

மாணவர்கள் முதல்முறை பார்க்கும்போது “இவ்வளவுதானா ஐயா?” என்று கேட்பார்கள். இவ்வளவுதான். கையில் கூரான ஆயுதத்தோடு தேர்ச்சி பெற்ற இரண்டு பேர் மோதினால் பத்து நிமிடம் நீடிக்காது. நேரம் எல்லாம் முன்னாலேயே செலவாகிவிடும்: இடைவெளியை அளப்பதில், எதிராளியின் தோள் எப்போது இறுகுகிறது என்று பார்ப்பதில். தொடக்கத்தில் கருப்பு வெள்ளையில் வரும் முதல் கொலையும் அப்படித்தான். குதிரைமேல் போகிறவனை மர நிழலிலிருந்து வந்து ஒரே வீச்சு. ஓடி வருவதும் கடந்து போவதும் ஒரே அசைவு. அவன் சாய்வதற்குள் அவள் அங்கே இல்லை.

சண்டை குறைவு என்று சொல்லலாம். சண்டை மெதுவானது என்று யாரும் சொல்லவேண்டாம். நான் பார்த்த வாள்சண்டைகளிலேயே மிக வேகமானவை இந்தப் படத்தில் இருப்பவைதான். வேகம் இவ்வளவு குறுகிய நேரத்தில் முடிந்துவிடுவதால் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. எத்தனையோ படங்களில் ஒரே குத்தை நான்கு கோணங்களில் வெட்டி ஒட்டி நீட்டுகிறார்கள். அதை வேகம் என்று பழக்கிவிட்டார்கள்.

பழைய ரீல் எழுதியது:

இளையவர்கள் எல்லோரும் 2000க்குப் பிந்திய படங்களையே பேசுகிறீர்கள். இந்த விவாதம் 1971லேயே தொடங்கியது. கிங் ஹூ எடுத்த ‘எ டச் ஆஃப் ஜென்’. மூன்று மணி நேரப் படம். முதல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய சண்டையே இல்லை. படம் வரைந்து பிழைக்கும் ஒரு ஏழைப் படிப்பாளி, இடிந்த கோட்டை, பேய் உலாவுவதாக ஊரில் பேச்சு, பக்கத்து வீட்டுக்கு வந்த புதிய பெண். தைவானில் அதை இரண்டு பாகமாக வெட்டி வெளியிட்டார்கள், படம் தோற்றது. 1975இல் கான் விழாவில் தொழில்நுட்பச் சிறப்புக்கான பெரும் பரிசு கிடைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதன் மூங்கில் காட்டுச் சண்டைக்கு ஆங் லீயின் மூங்கில் காட்டுக் காட்சி நேரடியாகக் கடன்பட்டிருக்கிறது. இன்னொரு பொருத்தம் பாருங்கள்: ‘தி அசாசின்’ போட்டியிட்ட அதே 2015 கான் விழாவில்தான் ‘எ டச் ஆஃப் ஜென்’ புதுப்பிக்கப்பட்டு மறுபடி திரையிடப்பட்டது. அந்தப் படத்தின் கதாநாயகி ஷூ ஃபெங்தான் முன்னின்று அதைப் புதுப்பிக்க வைத்தவர்.

கிங் ஹூ மெதுவாகத் தொடங்கினாரே தவிர, சண்டை வந்துவிட்டால் மின்னல். ஆள் குதிப்பதன் தொடக்கம், உச்சி, இறங்கும் கால் என்று கண் இமைக்கும் நேரத்துத் துண்டுகளாக வெட்டுவார். ஹோ அதற்கு நேர் எதிர். அவர் வெட்டுவதற்கே தயங்குகிறார்.

இன்னொன்று, நான் பல வருடம் படம் ஓட்டியவன் என்பதால் சொல்கிறேன். ‘தி அசாசின்’ 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுக்கப்பட்டது. ஒளிப்பதிவாளர் மார்க் லீ பிங் பின், ஹோவோடு பல படங்களில் கூட இருந்தவர். படம் அகலத்திரை அல்ல. பழைய காலத்துப் படங்களைப் போல ஏறக்குறைய சதுரச் சட்டம். அகலத்திரைக்குப் பழகிய கண்ணுக்கு முதலில் இடுக்கமாகத் தெரியும். ஆனால் அந்தச் சட்டத்தில்தான் மலை உயரமாக நிற்கிறது, மனிதன் அதன் அடியில் சின்னதாக நிற்கிறான். வீட்டில் பார்ப்பவர்கள் தயவுசெய்து திரையை இழுத்து நிரப்பாதீர்கள். இருபுறமும் கருப்பாக இருந்தால் இருக்கட்டும்.

குறிஞ்சி எழுதியது:

பழைய ரீல் ஐயா சொன்ன சட்டத்தைப் பற்றி ஒரு சேர்க்கை. படத்தில் ஓரிடத்தில் மட்டும் சட்டம் அகலமாகிறது: வெய்போவுக்கு மணமுடித்து வந்த இளவரசி தோட்டத்தில் உட்கார்ந்து யாழ் போன்ற இசைக்கருவியை மீட்டும் காட்சி. அவள் சொல்லும் கதை இது. ஒரு அரசனிடம் அபூர்வப் பறவை ஒன்று இருந்தது. மூன்று வருடமாக அது பாடவே இல்லை. தன் இனத்தைக் கண்டால்தான் பாடும் என்றாள் அரசி. அதன் முன்னே கண்ணாடியை வைத்தார்கள். தன் உருவத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பறவை துயரத்தோடு பாடி, ஆடி, செத்துப்போனது.

பெஞ்சு டிக்கெட் அவர்களே, உறவு விவரங்கள் பிடிபடவில்லை என்றீர்கள். எனக்கும் பெயர்கள் குழம்பின. ஆனால் இந்தக் கதை வந்த பிறகு எனக்குப் பெயர்கள் தேவைப்படவில்லை. தலைநகரிலிருந்து அந்நிய ஊருக்கு அனுப்பப்பட்ட அந்த இளவரசி, வீட்டிலிருந்து மலைக்கு அனுப்பப்பட்ட யின்னியாங், இரண்டு பேருமே தங்கள் இனம் இல்லாத இடத்தில் இருப்பவர்கள். மலையிலிருந்து திரும்பி வந்த மகளைக் குளிப்பாட்டி, பட்டு உடுத்தி உட்காரவைக்கிறார்கள். தாய் அந்த இளவரசியைப் பற்றிப் பேசுகிறாள். யின்னியாங் துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். படத்தில் அவள் உடைவது அங்கே மட்டும்தான். அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நான் அந்தக் காட்சியை நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் தொடர முடிந்தது.

பிறகு அவளுக்கு வழியில் துணையாக வருபவன் யார்? கண்ணாடிக்கு மெருகேற்றும் ஒரு சாதாரண இளைஞன். இந்தப் படம் தன் தடயங்களை மறைத்து வைக்கவில்லை. உரக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒலியைப் பற்றியும் யாராவது எழுதுங்கள். பூச்சிகளின் ரீங்காரம், தூரத்து மேளம், விறகு வெடிக்கும் சத்தம். கைபேசியில் பார்த்தால் இதெல்லாம் போய்விடும்.

பெஞ்சு டிக்கெட் எழுதியது:

குறிஞ்சி சகோதரி எழுதியதைப் படித்தபோது அந்தப் பறவைக் கதை ஞாபகம் வந்தது. அது அழகான இடம்தான். ஆனால் என் கேள்வி நிற்கிறது. நீங்கள் சொல்லும் இணைப்பை இரண்டாவது முறை பார்த்துத்தான் பலர் கண்டுபிடிக்கிறார்கள். இரண்டாவது முறை பார்க்க வைப்பதற்கு முதல் முறை ஏதாவது கொடுக்கவேண்டாமா?

ஹாங்காங் இயக்குநர் வொங் கார் வாய் படங்களிலும் எனக்கு இதே வருத்தம். ‘ஆஷஸ் ஆஃப் டைம்’ 1994இல் வந்தது. பாலைவனமும் முகங்களும் கண்ணை விட்டு அகலவில்லை. சண்டைகள் மட்டும் தீற்றிய வண்ணங்களாகத்தான் ஓடுகின்றன. சண்டை அமைத்தவர் சம்மோ ஹுங். அத்தனை பெரிய கலைஞரின் உழைப்பில் எந்தக் கை யாருடையது என்றே தெரியாமல் போய்விட்டது.

ஈப்போ வாசகன் எழுதியது:

அண்ணா, அந்தப் படத்தின் கதையே இந்த விவாதத்துக்குப் பொருத்தமானது. வொங் கார் வாய் பாலைவனத்தில் எடுத்து முடிக்கவே இல்லை, செலவு ஏறிக்கொண்டே போனது. பணத்தை ஈடுகட்ட அதே நட்சத்திரங்களை வைத்து, அதே ஜின் யோங் நாவலின் பாத்திரங்களைக் கொண்டு, ஜெஃப்ரி லாவ் ‘தி ஈகிள் ஷூட்டிங் ஹீரோஸ்’ என்ற நகைச்சுவைப் படத்தை எடுத்து 1993 சீனப் புத்தாண்டுக்கு வெளியிட்டார். வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்துப் பார்த்த படம் அது. ‘ஆஷஸ் ஆஃப் டைம்’ வந்தபோது அதே ரசிகர்கள் குழம்பினார்கள். வெனிஸ் விழாவில் அதன் ஒளிப்பதிவுக்குப் பரிசு. 2008இல் இயக்குநரே அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். இன்று இரண்டையும் பார்க்கிறேன், இரண்டும் எனக்கு வேண்டும்.

தெளிவுக்காக வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் வொங் கார் வாயின் படமே உதாரணம். ‘தி கிராண்ட்மாஸ்டர்’ சீனாவில் 130 நிமிடம். அமெரிக்காவில் 108 நிமிடமாகக் குறைத்து, விளக்க எழுத்துகளையும் சேர்த்து, குங்ஃபூ ஆசான் இப் மேனை மையமாக்கி வெளியிட்டார்கள். போனது என்ன தெரியுமா? காங் அர் என்ற பெண்ணின் கதையில் பெரும் பகுதி. பனி கொட்டும் இரவில், ரயில் நகர்ந்துகொண்டிருக்கும்போது, தந்தையைக் கொன்றவனோடு அவள் மோதும் சண்டை அந்தப் படத்தின் உயிர். அது மீதமிருந்தது, ஆனால் அதற்கு முன்னும் பின்னும் இருந்த நிதானம் இல்லாததால் கனம் குறைந்துவிட்டது. குறைத்த படம் எனக்கு நீளமாகத் தெரிந்தது.

வெண்திரை எழுதியது:

ஈப்போ வாசகன் சொன்னதுதான் என் மனதில் இருந்ததும். தெளிவு வேண்டும் என்று ‘தி அசாசின்’ படத்தில் நான்கு விளக்கக் காட்சிகளைச் சேர்த்திருந்தால், யின்னியாங்குக்குத் தெரியாததெல்லாம் நமக்குத் தெரிந்திருக்கும். அவள் சிறுவயதிலேயே அந்த அரண்மனையை விட்டுப் போனவள். யார் யாரோடு கூட்டு, யார் வயிற்றில் பிள்ளை வளர்கிறது, எந்த மந்திரவாதி யாருக்காக வேலை செய்கிறான் என்பதையெல்லாம் அவள் ஒட்டுக்கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறாள். பெஞ்சு டிக்கெட் அவர்களின் தவிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அது கதாநாயகியின் தவிப்பும்கூட. ‘கிரவுச்சிங் டைகர்’ இரண்டு மனங்களின் கதை, அதனால் அது மனங்களைத் திறந்து காட்டியது. இது ஒரு முடிவின் கதை. அந்த முடிவை எடுக்க அவளுக்குப் பார்க்கவும் கேட்கவும் நேரம் வேண்டும்.

மலையுச்சிக் காட்சிக்கு வருகிறேன். வெள்ளை உடையில் துறவினி பாறை விளிம்பில் நிற்கிறாள். யின்னியாங் வந்து, தியான் ஜியானைக் கொல்லவில்லை என்கிறாள். அவன் செத்தால் வாரிசு சிறுவன், வெய்போ கலவரத்தில் விழும் என்று காரணமும் சொல்கிறாள். கேமரா தொலைவில் நிற்கிறது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழும்பி வருகிறது. கணினியில் செய்ததல்ல, அந்த மலையில் அப்போது வந்த பனி. பின்னால் இருந்த மலைகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. மூன்று சொற்றொடர்களில் ஓர் ஆயுதம் தானாக யோசிக்கத் தொடங்கிவிட்டது என்பது தெரிகிறது. அதுவரை அவளைக் கருவியாக வைத்திருந்தவள் பின்னால் வந்து தாக்குகிறாள், அதுவும் நொடிகளில் முடிகிறது. இதைத் துரிதமாக எடுத்திருந்தால் அது இன்னொரு குரு-சீடர் சண்டையாக இருந்திருக்கும்.

பெஞ்சு டிக்கெட் எழுதியது:

அந்த மூடுபனிக் காட்சியை நானும் மறக்கவில்லை. ஆனால் அவள் சொல்லும் காரணம் அரசியல் காரணம். அந்தச் சிறுவனை, அந்த மாகாணத்து மக்களை எனக்கு நெருக்கமாகக் காட்டியிருந்தால் அந்த மறுப்பு என் நெஞ்சில் இறங்கியிருக்கும். சந்தையையோ வயலையோ நான் போதுமான அளவு பார்க்கவில்லை. அந்தப்புரத்தைப் பார்த்தேன், காட்டைப் பார்த்தேன். கலவரம் வந்தால் யார் வீடு எரியும் என்று தெரியாமல் கலவரத்தைத் தடுத்தவளைப் பாராட்டச் சொல்கிறீர்கள். இதில் நான் மாறப்போவதில்லை.

பழைய ரீல் ஐயா, ‘எ டச் ஆஃப் ஜென்’ மட்டும் பார்க்கிறேன். எந்தப் பிரதியைப் பார்ப்பது?

பழைய ரீல் எழுதியது:

புதுப்பித்த முழுப் பிரதி, மூன்று மணி நேரம். இரண்டு பாகமாகப் பிரித்துப் பார்க்காதீர்கள். அப்படிப் பிரித்துக் காட்டியபோதுதான் அது தோற்றது. நாளை விடுமுறை என்றால் இன்று இரவே உட்காருங்கள். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். கோட்டைக் காட்சிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.